மதில் ஏறிய குட்டி

காலையில் வைக்கோல் போரிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட ஆட்டுக்குட்டி, மதியத்துக்குள் கல் மதிலில் பாதி உயரம் ஏறிவிட்டது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தே தாய் ஆட்டுக்குக் கழுத்து வலித்தது.

"பிள்ளையா பெத்து வச்சிருக்கே? கழுத்துல ஒரு கட்டையைத் தொங்கவிட்டா தானா அடங்கும்," என்றது பக்கத்தில் நின்ற எருமை. "என் கன்னுக்குட்டியைப் பாரு. கட்டின இடத்தை விட்டு ஒரு அடி நகராது."

"பார்த்துட்டுத்தான்க்கா இருக்கேன்," என்றது ஆடு. "அதோட கயிறு அறுந்து மூணு நாளாச்சு. இன்னும் அங்கேயேதான் நிக்குது."

எருமை அசைபோடுவதை நிறுத்தியது.

ஆடு மதிலைப் பார்த்துக் கத்தியது: "ஏய் வாலு! அந்தக் கல்லு ஆடுதுடி. அடுத்த கல்லுல காலை வச்சு ஏறு!"