ஆம்ஸ்டர்டாம் மாப்பிள்ளை

ஆம்ஸ்டர்டாமில் ஆறாண்டுகளாக வசிப்பதாகக் கூறி, ஜெனிட்டாவைப் பெண் பார்க்க மாமல்லபுரம் வந்திருந்தான் கிருபாகரன். அவளுடைய அண்ணன் ஜான்சனோ அவனைத் துளியும் நம்பவில்லை.

"அந்த ஊர்ல பாக்கறதுக்கு இன்னா இன்னா கீது? சொல்லு பாப்போம்!" என்று அதட்டினான்.

கால்வாய்ப் படகுச் சவாரி, பழைய பாலங்கள், அருங்காட்சியகங்கள், அவை திறக்கும் நேரம், நுழைவுக் கட்டணம் என அனைத்தையும் கிருபாகரன் தடங்கலின்றி ஒப்பித்தான்.

"இன்னா மச்சான், போதுமா?" என்று ஏளனமாகவும் வினவினான். ஜான்சன் கைபேசியில் சரிபார்த்துத் தலையாட்டினான்.

"வேணாண்ணே, இந்தாளு பொய் சொல்றாரு," என்றாள் ஜெனிட்டா.

"எல்லாம் கரெக்டாதானே சொன்னாரு?"

"அதான்! பொறந்ததுலேர்ந்து நாம இந்த ஊர்லதான் கீறோம். கலங்கரை விளக்கத்துக்கு டிக்கெட் எவ்ளோன்னு உனுக்குத் தெரியுமா?"

கிருபாகரன் தன் செருப்பைத் தேடத் தொடங்கினான்.