செங்கோடனின் நடை

இரும்பு வார்க்கும் பவுண்டரியில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் இழந்த செங்கோடனுக்குக் கம்பெனியே இயந்திரக் கால்களைப் பொருத்தி, ஆறு வருடமாக வேலையும் வாங்கி வந்தது. வேலையை விட்டால் கால்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பதினாறு மணி நேர ஷிப்ட் இனியும் தாங்காது என்று, மனைவி துளசிமணியோடு அரசு மருத்துவமனைக்கு இலவசக் கால்கள் வாங்கப் போனான்.

புதிய கால்கள் கச்சிதமாகப் பொருந்தின. எழுந்து நின்றான். ஓர் அடி எடுத்து வைத்ததுமே விழுந்தான்.

"இதுக்கு உங்க நடை தெரியாதுங்கண்ணா," என்றாள் கால் பொருத்தும் பெண். "நீங்க நடந்து பழகினதெல்லாம் பழைய காலுக்குள்ளதான் இருக்குது."

"அதை எடுத்து இதுல போட்டுருங்களேன்," என்றாள் துளசிமணி.

"எந்தக் காலுக்கும் ஒத்து வர்ற மாதிரி நடையைத் தனி புரோகிராமா எழுதியிருந்தா போட்டுரலாங்க. கம்பெனிக்காரங்க அந்தக் காலோடவே பின்னி எழுதி வெச்சிருக்காங்க. பிரிச்செடுக்க முடியாது. முதல்ல இருந்து பழகோணும். ஒரு வருசமாவது ஆகும்."

"பழகிக்கலாமுங்க. நான் புடிச்சுக்கறேன்," என்று துளசிமணி ஒரு கையை அவனிடம் நீட்டினாள். மறு கை ஏழு மாத வயிற்றைத் தாங்கியிருந்தது.

செங்கோடன் அந்தக் கையைப் பற்றவில்லை.

"பழசையே மாட்டி உடுங்கம்மிணி," என்றான்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மருத்துவமனைப் படிகளில் அவன் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. துளசிமணி பின்தங்கிவிடக் கூடாதே என்று வேகத்தைக் குறைக்கப் பார்த்தான்; முடியவில்லை. கால்கள் அவ்வளவு நன்றாக நடந்தன.