ஜனாஸா அறிவித்தல் போடும் போன்

சார்ஜர் வயரைச் சரித்துப் பிடித்தால்தான் வாப்பாவின் பழைய போன் வேலை செய்யும். விட்டால் அணைந்துவிடும். பிடிப்பது எப்போதும் நான்தான்.

இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். புத்தளத்தில் வேலை முடிந்து, கற்பிட்டி வரை பஸ்ஸில் நின்றே வந்திருந்தேன். கையைத் தூக்கவும் தெம்பில்லை.

மீன்வாடி நெய்னார் நானா மௌத்தாகிவிட்டார். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் போடுவது வாப்பாவின் பொறுப்பு. களப்பில் வலையோடு நிற்பவர்கள் அதைப் பார்த்துத்தான் கரைக்குத் திரும்புவார்கள். பிந்தினால் அவர்களுக்கு ஜனாஸாத் தொழுகை தவறிவிடும்.

நான் வாங்கிக் கொடுத்த புதுப் போன் மேசையில் பெட்டியோடு கிடந்தது. அதில் அறிவித்தலுக்கான ஓரக்கோடு, பிறை, திகதி எல்லாம் தயாராக வரும். பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கும், எழுதினால் சரி. பழையதில் கண்ணாடி வெடித்து, ஓர் எழுத்தை அமத்தினால் இன்னொன்று விழும்.

வாப்பாவிடம் சாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. புதுசு கையில் வழுக்குகிறதாம். எழுத்து வடிவாக இல்லையாம். போன வாரம் சொன்ன சாட்டு இந்த வாரம் இல்லை.

"சும்மா பிடிவாதம் புடிக்காதீங்க வாப்பா. ஆக்கள் பாத்துக்கிட்டு இரிக்காங்க."

"ஓம் மகள். இந்த ஒருக்கா மட்டும் புடிங்களேன்."

எத்தனை 'இந்த ஒருக்கா'. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அசையாமல் இருந்தேன்.

அவரே வயரை முழங்கையால் மேசையோடு அழுத்திக்கொண்டு போனைத் திறந்தார்.

தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் குனிந்தபோது திரை தெரிந்தது. இவ்வளவு நாளும் ஒரு கையில் வயரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் என் போனைத்தான் பார்த்திருக்கிறேன்.

பழைய போனில் அறிவித்தல் செய்யும் செயலியில் வாப்பாவுக்குத் தெரிந்தது ஒரே வழி. முதன்முதல் செய்து வைத்த அறிவித்தலைத் திறப்பார். அதில் உள்ளதை அழித்துவிட்டு, அடுத்தவருடையதை எழுதி வேறாகச் சேமிப்பார்; முதலாவது அப்படியே இருக்கும்.

கடைசி வரியிலிருந்து அழித்துக்கொண்டு வந்தார்.

'றிஃப்னாவின் தாயாருமாவார்' போனது. றிஃப்னா நான்.

'செய்னுலாப்தீனின் அன்பு மனைவியும்' போனது. அது வாப்பா.

மேலே பெயர் மட்டும் மிஞ்சியது. எங்கள் அறிவித்தல்களில் படம் போடுவதில்லை.

நஃபீஸா உம்மா.

வாப்பாவின் விரல் அங்கே நின்றது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக, மிக மெதுவாக அழிக்கத் தொடங்கியது. ஊரில் யார் மௌத்தானாலும் அவர் இதைத்தான் செய்துவந்திருக்கிறார்.

பாதிப் பெயரில் முழங்கை நழுவி, திரை மங்கியது.

நான் பாய்ந்து வயரைச் சரித்துப் பிடித்தேன்.