உள்ளே போகிற தும்மல்

மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிஸ்கட்டுக்கு அது வந்துவிட்டது. கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி நின்றுகொண்டு, கர்ர் கர்ர் என்று மூக்கால் காற்றை உள்ளே இழுத்தது. ஒதியம்பட்டில் பெண் பார்க்க வந்தவர்களை இதுவரை எந்த நாயும் இப்படி வரவேற்றதில்லை.

மாப்பிள்ளை அரிகரனின் அத்தை ருக்குமணி, எடுத்து வைத்த காலை அப்படியே நிறுத்தினார். தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர். கரையாம்புத்தூரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நல்ல காரியத்துக்கு நுழையும்போது தும்மல் கேட்டால், அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

பெண்ணின் அப்பா கண்ணையன் பதறவில்லை. அவர் எதற்கும் பதறியதில்லை.

"இது தும்மல் இல்லீங்க. தும்மல்னா காத்து வெளிய போவணும். இது உள்ள போவுது. வில்லியனூரு டாக்டரே சொல்லிட்டாரு."

"உள்ள போனா இன்னா, நல்ல சகுனமா கெட்ட சகுனமா?"

பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் உண்டு. இதற்கு இல்லை. தரகர் கலைச்செல்வன் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

உள்ளறையில், திரைச்சீலைக்குப் பின்னால், பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டிருந்தாள் வெண்ணிலா. முதல் தடவை இது வந்தபோது எலும்பு சிக்கிவிட்டது என்று வீடே அலறியது. கால்நடை டாக்டர் அவள் போனில் எடுத்திருந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எப்போதாவது வந்தால் பயமில்லை, தொண்டையை மெதுவாகத் தடவிக் கொடு, மூக்கை ஒரு நொடி மூடி எடு, எச்சிலை விழுங்கியதும் நின்றுவிடும் என்றார். நீ பதறினால் அதுவும் பதறும் என்று ஒரு குட்டும் வைத்தார். ஊதுவத்திப் புகை, சென்ட் வாசனை, கழுத்துப் பட்டையை இழுப்பது, தாங்க முடியாத சந்தோஷம், இதில் எதனாலும் வரலாமாம்.

அதனால் இன்றைக்கு வீட்டில் ஊதுவத்தி ஏற்றவில்லை. சென்ட்டுக்குத் தடை. பிஸ்கட்டின் கழுத்துப் பட்டையைக் கழற்றி மார்புப் பட்டை மாட்டியாகிவிட்டது. சந்தோஷத்துக்குத்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அரிகரனைக் கண்டால் பிஸ்கட்டுக்குத் தலைகால் புரியாது. எட்டு மாதமாக ஞாயிறுதோறும் ஆற்றங்கரையில் நாயை நடத்துகிற சாக்கில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் வெண்ணிலா. அங்கே பிஸ்கட்டுக்கு இது வரும்போதெல்லாம் அவன்தான் தடவி நிறுத்துவான்.

இது மட்டும் அப்பாவுக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. தம்பி மகள் காதலித்துக் கட்டிக்கொண்டாள் என்று ஏழு வருடமாகத் தம்பி வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர் அவர். அதனால்தான் தரகரைப் பிடித்து, முன்பின் தெரியாத வரன் போல ஜாதகத்தை வீட்டுக்குள் அனுப்பினார்கள். ஒரு மண்வெட்டி வாங்க நாலு கடை விசாரிக்கிற கண்ணையன், ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு என்றார். தங்களுக்குச் சுக்கிர திசை அடிக்கிறது என்று இருவரும் நம்பினார்கள்.

அந்தத் திசை இப்போது கூடத்தில் கர்ர் கர்ர் என்றது. அம்மா விஜயகுமாரி தொண்டையை விட்டுவிட்டு முதுகைத் தடவினாள். தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள். சத்தம் நின்றது. பிஸ்கட் நிமிர்ந்து அரிகரனைப் பார்த்தது. மறுபடி ஆரம்பித்தது.

அரிகரன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். எழுந்து ஒரு தடவு தடவினால் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். முதன்முதலாக வந்த வீட்டு நாயின் மூக்கை மூடுகிற மாப்பிள்ளையை எந்த மாமனாரும் சும்மா விடமாட்டார். திரைச்சீலை ஓரமாக அவன் பார்வை வந்தபோது, வேண்டாம் என்று வெண்ணிலா தலையசைத்தாள்.

ருக்குமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு இருபது.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள இந்த சத்தம் நின்னா ஒக்காந்து பேசலாம். நிக்கலன்னா நாங்க கெளம்பறோம்."

நாலு இருபத்தைந்துக்கு ஒரு தடவை நின்று, உடனே வந்தது. நாலு இருபத்தெட்டுக்கு ருக்குமணி பையைத் தோளில் மாட்டினார். கூப்பிடாமல் பெண் கூடத்துக்கு வரக் கூடாது என்பதால் வெண்ணிலா திரைச்சீலையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். எட்டு மாதப் பாடும் ஒரு நாயின் மூக்கில் போய் முடியப்போகிறது.

கண்ணையன் எழுந்தார். மனைவியின் கையிலிருந்து நாயின் கயிற்றை வாங்கி, பிஸ்கட்டை மெதுவாக நடத்திக்கொண்டு போய் அரிகரனின் நாற்காலி முன்னால் நிறுத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாற்றுக்குத் தண்ணீர் கட்டச் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"நீங்களே தடவுங்க மாப்ள. எட்டு மாசமா ஆத்தங்கரையில உங்க கைக்குத்தான அடங்குது."