ஏழாம் பக்கத்துக்குப் போன பேட்டரி

“‘சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியில் புரட்சி’ன்னு எல்லாப் பத்திரிகையும் முதல் பக்கத்துல போடுது. நீங்க ‘முந்நூறு முறை மட்டுமே மின்னேற்றிச் சோதிக்கப்பட்டது’ன்னு எழுதி ஏழாம் பக்கத்துக்குத் தள்ளுறீங்க. உங்க இடத்துல வேற யார் இருந்தாலும் தலையில தூக்கி வச்சு ஆடியிருப்பாங்க சார்,” என்று அலுத்துக்கொண்டார் ஆசிரியர்.

“முந்நூறு முறைதானே சோதிச்சிருக்காங்க?” என்ற அறிவியல் செய்தியாளர், தப்பிப் பிழைத்திருந்த ‘மகத்தான’ என்ற சொல்லையும் அடித்தார்.

மறுநாள் காலையில், அந்தப் பேட்டரியைக் கண்டுபிடித்த பெண்ணே அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“நான் சொன்னதைக் கூட்டாமக் குறைக்காமப் போட்டது நீங்க ஒருத்தர்தான். ஆனா, ஒரு பாராட்டுச் சொல்கூடவா மிஞ்சல?”

“அடிச்ச சொல்லையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். விடிஞ்சதிலிருந்து உங்கம்மாகிட்ட அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்,” என்றார் அவளைப் பெற்றவர்.