ட்ரெவருக்குத் தாங்கும் லேப்டாப்

"பிடுங்கினா வராத எழுத்துப் பொத்தான் வெச்ச லேப்டாப்பா காட்டு, கண்ணு" என்றாள் லோர்னா பிக்கெட்.

ஜோலீன், பெண்டிகோ ஊரிலுள்ள அந்தக் கடையில் பல வருடங்களாக லேப்டாப் விற்கிறவள். வேகம் கேட்டவர்கள், எடை குறைவாகக் கேட்டவர்கள், சட்டைக்குப் பொருத்தமான நிறம் கேட்டவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறாள். இப்படிக் கேட்டவரை அன்றுதான் பார்த்தாள்.

லோர்னா பையிலிருந்து தன் பழைய லேப்டாப்பை எடுத்துத் திறந்து வைத்தாள். பாதிப் பொத்தான்களைக் காணோம். பொக்கைவாய் மாதிரி இருந்தது. திரையின் ஓரமெல்லாம் கீறல்.

"யார் பண்ண வேலை இது?"

"ட்ரெவர். இதோட மூணாவது."

ஜோலீனின் முகம் மாறியது. சும்மா உட்கார்ந்து தின்ற தன் புருஷனை அவள் போன குளிர்காலத்தில்தான் பெட்டியோடு வெளியே அனுப்பியிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரரா?"

"சேச்சே! என் வீட்டுக்காரர் நெவில் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இவன் நெவிலோட பள்ளிக்கூட நாள்லேர்ந்து அவர்கூடவே இருந்தவன். நான் கல்யாணமாகி வர்றப்பவே அந்த வீட்டுல இருந்தான். நெவில் கடைசி நேரத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ட்ரெவரை விட்டுடாதே'ன்னுட்டுப் போயிட்டார்."

"நல்லா ஒட்டிக்கிட்டான்னு சொல்லுங்க. வேலை வெட்டிக்குப் போறானா?"

"அவனா? குளிப்பான். கண்ணாடி பார்ப்பான். பாட்டுப் போட்டா ஆடுவான். கோவம் வந்தா மட்டும் தலைமுடி அப்படியே நட்டுக்கும்."

"என் வீட்டுல இருந்ததும் இதே ஜாதிதான்" என்றாள் ஜோலீன், பல்லைக் கடித்துக்கொண்டு.

லோர்னாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புகிற கடிதங்களைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை மேலாளர் திரையில் வந்து எல்லாரிடமும் பேசுவார். போன வாரம் அவர் பேசிக்கொண்டிருந்தபோது ட்ரெவர் பின்னாலிருந்து அவரைப் பார்த்து ஏதோ கத்திவிட்டான்.

"என்னன்னு கத்தினான்?"

லோர்னா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஜோலீனின் காதில் சொன்னாள். ஜோலீனின் காது சிவந்துவிட்டது.

"எல்லாம் நெவில் கால்பந்து பார்க்கறப்ப சொல்லிக்குடுத்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தா வேலை கிடையாதுன்னுட்டார் மேலாளர்."

"அறைக்கதவைச் சாத்திட்டு வேலை பார்க்கறதுதானே?"

"சாத்தினா தெருவே கூடற மாதிரி அலறுவான். நான் அவன் கண் முன்னாடியே இருக்கணும்."

"அப்ப வாசக்கதவைத் திறந்து, வெளியே போடான்னு விடுங்க!"

"விட்டேனே. பகல் பூரா ஊரைச் சுத்திட்டு, பொழுது சாய, கூட்டாளிங்க ஏழெட்டுப் பேரோட வந்து நின்னான். எல்லாருமா சேர்ந்து என் தோட்டத்துப் பாதாம் மரத்தையே காலி பண்ணிட்டானுங்க."

"வெக்கங்கெட்டவனுங்க! இந்த மாதிரி ஆளுங்களை வெச்சுப் பார்த்துக்க எவ்வளவோ இடம் இருக்கே?"

"அதையும் செஞ்சேன் கண்ணு. அங்க சாப்பாட்டைத் தொடல. மூலையில போய் உக்காந்தவன் எழுந்திருக்கல. துரும்பா இளைச்சுட்டான். மனசு கேக்கல, கூட்டிட்டு வந்துட்டேன். அவன் இல்லாத வீட்டுல நெவிலே இன்னொரு தடவை செத்த மாதிரி இருந்தது."

ஜோலீன் அதற்கு மேல் அறிவுரை சொல்லவில்லை. இவளுக்குப் பொருத்தமானதை எப்படியும் கண்டுபிடித்துவிடுவது என்று கிளம்பிவிட்டாள்.

முதலில் மெல்லிசான ஒன்றைக் காட்டினாள். லோர்னா பொத்தானை நகத்தால் நெம்பிப் பார்த்து, "அரை நாள் தாங்காது" என்றாள். அடுத்ததில் பொத்தான்கள் எல்லாம் கலர் கலராக மின்னின.

"ஐயோ, வேணாம். விளக்கைப் பார்த்தா அவன் என்னை அதுகிட்டயே விடமாட்டான்."

"உங்க எழுத்து வேலைக்கு இவ்வளவு வேகமும் தேவையில்ல. காசுக்குக் கேடு" என்று அதை மூடிவைத்த ஜோலீன், உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து 'தொம்'மென்று வைத்தாள்.

"சுரங்க வேலைக்குப் போறவங்க வாங்கறது. பொத்தான் எல்லாம் ரப்பர்ல பதிச்சிருக்கு, நெம்ப இடுக்கே கிடையாது. இந்த ஒண்ணை அமுக்கினா மைக் ஊமை. கேமராவுக்கு மூடி. இந்தக் கனத்துக்கு உங்க ட்ரெவர் இழுத்துக் கீழே தள்ளவும் முடியாது."

லோர்னா நெம்பினாள். இழுத்தாள். திரையின் மேல்விளிம்பில் கையை ஊன்றி அழுத்தினாள். அசையவில்லை. முதல் தடவையாகச் சிரித்தாள்.

"உடைஞ்சா மாத்திக் குடுப்பீங்களா?"

"தனியா ஒரு காப்பீடு இருக்கு, சேர்த்துடறேன். டீ கொட்டினா உண்டு. மாடியிலேர்ந்து விழுந்தா உண்டு." ஜோலீன் மேசைமேல் குனிந்து லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க லோர்னா. எந்த மனுஷன் உடைச்சாலும் நேரா என்கிட்ட கொண்டுவாங்க. நான் பார்த்துக்கறேன்."

லோர்னா சற்று யோசித்தாள்.

"மனுஷன் உடைச்சா சரி, கண்ணு. கொண்டைக்கிளி உடைச்சா?"