எதிர்வீட்டுச் சிவப்பு

எதிர்வீட்டு மருமகள் சர்வினோஸின் ஜன்னலில் ஒட்டியிருந்த எல்.இ.டி. பட்டை, பார்னோ தன் வீட்டு கேட்டைத் திறந்து வெளியே வந்தபோது பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. நேற்றும் இப்படித்தான் மாறியது. உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் நகரில், அந்தத் தெருவில் பகலில் யாரும் கேட்டைத் தாழ் போடுவதில்லை. பார்னோ நேரே எதிர்வீட்டுக்குள் போய் மாமியார்க்காரி ஹுர்மத்தைப் பிடித்தாள்.

“அழகுக்கு லைட் போடறவ எதுக்கு நிறம் மாத்தணும்? புருஷன் ரஷ்யாவுல. இவ எவனுக்கோ சிக்னல் கொடுக்கறா!”

“வாயைக் கழுவுங்கக்கா! அது மட்டும் நிஜமா இருக்கட்டும், இன்னைக்கே அவளைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

சர்வினோஸ் தேநீரோடு வந்து, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினாள். கலையாத முக்காடு, தயாராய் இருந்த தேநீர். பார்னோவுக்கு அதுவும் உறுத்தியது.

“அந்த லைட்டு யாருக்குடி?” என்றாள் ஹுர்மத்.

சர்வினோஸ் தேநீரைக் கீழே வைத்தாள். “எனக்குத்தான் அத்தை. இந்தத் தெரு மருமகளுங்க எல்லார் ரூம்லயும் இருக்கு. ஒரு கேட்டுல சின்ன சர்க்யூட் போர்டும் சென்சாரும் வச்சிருக்கோம். அந்த கேட்டு திறந்தா பட்டை சிவப்பாயிடும். உடனே போனை ஒளிச்சு, முக்காடு போட்டு, டீக்கு வெந்நீர் வச்சிடுவோம்.”

“எந்த கேட்டு?”

“பார்னோ பெரியம்மா வீட்டு கேட்டு.”

பார்னோ துள்ளி எழுந்தாள். “என் கேட்டுலயா? எவடி வச்சது?”

“உங்க மருமகதான் பெரியம்மா. புரோகிராம் எழுதினதும் அவதான்.”

ஹுர்மத் மருமகள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

“என் ரூமுக்கும் ஒண்ணு போட்டுத் தரச் சொல்லேன்.”